எழுத்துக் கூட்டினால் போதுமா?

சங்கக் கூட்டம் முடிந்து கரோல் பாக்கில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். நண்பர் ஒருவர் உயிரியல் பட்டதாரி, ஐ.ஏ.எஸ். பயிற்சிக்காகத் தில்லி வந்தவர். “மனிதனின் மரபுத் தொகுதியைப் படித்துவிட்டோம் என்று 2003-லேயே அறிவித்துவிட்டார்களே! இனி அந்தப் படிப்புக்கு என்ன வேலை?” என்றார்.

வேலை இனிமேல்தான் என்பேன். அகராதியை எழுத்துக் கூட்டிப் படித்தோம். பல சொற்களுக்குப் பொருள் தெரியவில்லை. அடுத்திருக்கும் பூசா வளாகத்தையே பாருங்கள். நெல்லின் குலை நோயைத் தாங்கும் மரபணு ஒன்றை அங்கு பிரித்தெடுத்த செய்தி 2005-ல் வந்தது. நோய் தாங்காத நெல்லில் அதைப் புகுத்தி, அதன் செயலை மெய்ப்பித்த கட்டுரை வந்ததோ 2011-ல்! மனிதனிடம் புரதம் ஆக்கும் மரபணுக்கள் மட்டும் ஏறத்தாழ 20,000. ஒவ்வொன்றாகப் பார்த்தால் முடிகிற காரியமா?

2001-ல் அமெரிக்காவில் ஜியாவுதீன், சபாடினி என்ற இருவர் ஒரு வழி கண்டனர். உயிரணுவை வளர்த்து, அதன்மேல் மரபணுவை ஊற்றுவது பழைய முறை. இவர்கள் அதைத் தலைகீழாக்கினர். கண்ணாடித் தகட்டில் வெவ்வேறு மரபணுக்களைப் புள்ளி புள்ளியாக இட்டு, மேலே உயிரணுக்களைப் பரப்பினர். பாத்திக்கொரு உரமிட்டு, ஒரே விதையை எங்கும் தூவியது போல! புள்ளியின்மேல் வளரும் அணு, அங்குள்ள மரபணுவை ஏற்று அதற்குரிய புரதத்தை ஆக்குகிறது. அணு உருமாறினாலும் மடிந்தாலும், எந்த மரபணுவின் வேலை என்பதைப் புள்ளியின் இடமே சொல்லிவிடும். மருந்தைச் சேர்த்தால், அது எங்கே ஒட்டுகிறது என்றும் காணலாம். உறுப்பு மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் எஃப்.கே.506 மருந்தை இட்டுச் சோதித்தார்கள். அது பற்றும் புரதம் எதுவென்று முன்பே தெரியும். அந்தப் புள்ளியிலேயே மருந்து ஒட்டிற்று!

தகடு சிறியது, மருந்தும் துளியளவே வேண்டும். பணமில்லாத ஆய்வுக்கூடங்களுக்கு இது சிறிய செய்தியா? (புள்ளியிடும் இயந்திரம் விலை கூடியதுதான், நான்கு துறைகள் கூடி வாங்கட்டுமே.)

குறையும் உண்டு. அளவுக்கு மீறி ஆக்கப்பட்ட புரதம் இயல்புக்கு மாறாக நடந்து நம்மை ஏமாற்றும். இலக்குத் தெரிந்த மறுநாளே மருந்து வந்துவிடாது. நெற்பயிருக்கு இத்தகடு அப்படியே உதவுவதும் இல்லை. ஆயினும், நான் படித்த கல்லூரியின் செய்முறை வகுப்பில் மூன்றாண்டும் வெங்காய வேர் நுனியையே வரைந்தோம். இதைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. வேலை இல்லை என்று நண்பர் நினைத்ததில் வியப்பென்ன?

அவர் தேர்வு எழுதட்டும், தடுக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குப் பூசாவிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளரை அழைத்துத் தமிழில் பேசச் சொல்வோம். செலவு, இன்னொரு தேநீர்தான்.