ஓர் எழுத்துக்காக ஒரு கெர்னல்

இன்டெல் கிகாபிட் கார்டுகளை ஓட்டும் ஐஜிபி டிரைவர் 2008லேயே லினக்ஸ் கெர்னலுக்குள் வந்துவிட்டது. புதிதாக யாரும் எழுத வேண்டாம், எங்கேயும் தேட வேண்டாம். அப்படியிருந்தும், கையகல போர்டு ஒன்றில் நாலு போர்ட் கார்டைச் செருகி ரவுட்டராக ஓட்ட நினைத்தால், மொத்தக் கெர்னலையும் உட்கார்ந்து கம்பைல் பண்ண வேண்டியிருக்கிறது. போர்டு கம்பெனி தன் கெர்னலில் அந்த டிரைவரை ஆஃப் பண்ணி வைத்திருக்கிறது, அதுதான் காரணம்.

எல்எஸ்பிசிஐ அடித்தால் கார்டு பேர் ஊரோடு வந்து நிற்கிறது. ஐபி லிங்க் அடித்தால் ஆளைக் காணோம்.

கான்ஃபிக் ஃபைலைத் திறந்தால்தான் வயிறு எரிகிறது. அமெச்சூர் ரேடியோவுக்கு இடம் இருக்கிறது. டிவி ட்யூனர் டிரைவர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பழைய ஜாய்ஸ்டிக்கைக்கூடக் கைவிடவில்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் இருக்கிறது என்று சொல்லி விற்ற போர்டில் எவனாவது நெட்வொர்க் கார்டு செருகுவான் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. (ஜாய்ஸ்டிக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கொடுத்து வைத்தவர்கள்.) ஐஜிபியை மாட்யூலாகப் போட்டு வைத்தால் கார்டு இல்லாதவர் மெமரியில் அது ஏறப்போவதுகூட இல்லை.

"மாட்யூலை மட்டும் பில்ட் பண்ணிக்கோயேன், எதுக்கு முழுக் கெர்னல்?" என்று கேட்க நண்பர்கள் உண்டு. பண்ணினேன். ஏற்றப் போனால் 'இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்' என்று முகத்தில் அடித்தது. லாக்கில் பார்த்தால், ஓடுகிற கெர்னலின் வெர்ஷன் பெயரில் கடைசியாக ஒரு பிளஸ் குறி. என் மாட்யூலில் அது இல்லை. மற்றதெல்லாம் அச்சு அசல் ஒன்றுதான். ஒரு பிளஸ் குறிக்காக வாசலோடு திருப்பி அனுப்புகிறது. அதைச் சரிக்கட்டினால், ஏதோ சிம்பல் ஒத்துவரவில்லை என்று அடுத்த புகார்.

கடைசியில் முழுக் கெர்னல்தான் கதி. முதலில் ஃப்ளெக்ஸ் இல்லை என்னும். போட்டால் பைசன் இல்லை. அதையும் போட்டால் ஓபன்எஸ்எஸ்எல் ஹெடர். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல அதற்கு மனசு வராது. பிறகு மெனுகான்ஃபிக்: டிவைஸ் டிரைவர்ஸ், உள்ளே நெட்வொர்க், அதற்குள் ஈதர்நெட், அதற்குள் இன்டெல் என்று ஒரு தலைப்பு. அந்தத் தலைப்பை ஆன் பண்ணும்வரை அதன் கீழிருக்கும் கார்டுகள் கண்ணில் படாது. ஐஜிபிக்கு முன்னால் காலியாக இருக்கும் அடைப்புக்குள் 'எம்' என்று ஓர் எழுத்து அடித்தேன். செய்த மாற்றமே அவ்வளவுதான். அதற்குப் போர்டு மணிக்கணக்கில் கொதித்தது. லேப்டாப்பில் கிராஸ் கம்பைல் பண்ணினால் சீக்கிரம் முடியும், வாஸ்தவம். ஆனால் ஒரு கமாண்டில் ஏஆர்எம் என்று குறிப்பிட மறந்துவிட்டால், லேப்டாப்புக்கே கெர்னல் கட்ட ஆரம்பித்துவிடும்.

ஒருவழியாக நாலு போர்ட்டிலும் விளக்கு எரிந்தது. அடுத்த அப்டேட்டில் கம்பெனிக் கெர்னல் வந்து என்னுடையதை அழித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அந்த ரவுட்டரை வைத்திருக்கும் கடையிலிருந்து போன்: "அண்ணே, நெட் போச்சு."

கெர்னல் பேக்கேஜை மட்டும் அப்டேட் ஆகாமல் ஹோல்டில் போடு என்கிறார்கள். போட்டிருக்கிறேன். அந்தக் கடைக்கு ஃபயர்வாலே இந்த மெஷின்தான். பாதுகாப்புத் திருத்தம் முதலில் போய்ச் சேர வேண்டிய மெஷினுக்கு நானே கதவைச் சாத்தியிருக்கிறேன். திருத்தம் வரும்போதெல்லாம் சோர்ஸை இறக்கி, அதே 'எம்'மோடு மறுபடி கம்பைல். கடைக்காரர் கேட்கிறார்: "அண்ணே, நம்ம மெஷின்ல மட்டும் ஏன் அப்டேட் தானா வர மாட்டேங்குது?"