காகத்தையும் கணக்கில் சேருங்கள்

அன்புள்ள வாசகர்களுக்கு,

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது வீட்டில் வெள்ளையடித்து முடித்து, கரும்புக்கும் மஞ்சள் கொத்துக்கும் சொல்லி வைத்திருப்பீர்கள். அந்த வேலைகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கத்தான் இந்தப் பக்கம். பயப்பட வேண்டாம், கால் மணி நேரம் போதும். காசு செலவும் கிடையாது.

பொங்கலை ஒட்டிய நான்கு நாட்கள் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பில் இறங்குகிறார்கள். 2015இல் தொடங்கிய வழக்கம் இது. ஏதாவது ஓரிடத்தில் 15 நிமிடமாவது இருந்து, கண்ணில் பட்ட பறவைகளையும் காதில் விழுந்த குரல்களையும் இனம் பிரித்து எண்ணி, ‘இ-பேர்டு’ தளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். ஏரிக்கரைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. மொட்டை மாடி, பள்ளி மைதானம், பேருந்து நிறுத்தம், எதுவானாலும் சரி.

சென்னைவாசி என்பதால் அடையாறு முகத்துவாரமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கடல்நீர் வடிந்து சேறு தலைகாட்டும் வேளையில் திரு.வி.க. பாலத்தின் நடைபாதையில் நின்று பாருங்கள். உள்ளான்கள் குடுகுடுவென்று ஓடி, சடக்கென்று நின்று, சேற்றைக் குத்திவிட்டு மறுபடி ஓடும். ஓரிடத்தில் நிற்காததை எப்படி எண்ணுவது என்று மலைப்பாக இருக்கும். பழகியவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதலில் பத்துப் பறவைகளை நிதானமாக எண்ணி, அந்தப் பத்தும் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணில் வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு பூக்காரம்மா முழம் போடுவதுபோல அதே அளவால் மீதிக் கூட்டத்தை அளந்துகொண்டே போகிறார்கள். ஒருவர் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்வார்.

அப்படி ஒரு காலையில், புதிதாக வந்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, எங்கள் குழுவின் மூத்தவரிடம் கேட்டாள்: “சார், காக்காவையுமா எழுதணும்?”

“அதைத்தாம்மா முதல்ல எழுதணும்.”

அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பட்டியலைப் பதியும்போது இ-பேர்டு ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? ‘ஆம்’ என்று சொன்னால் உங்கள் பட்டியலில் இல்லாத பறவைக்கும் பொருள் வந்துவிடுகிறது. தேடியும் தென்படவில்லை என்ற தகவல் அதில் இருக்கிறது. நூறு பட்டியல்களில் எத்தனையில் சிட்டுக்குருவி இருந்தது, சில ஆண்டுகள் கழித்து எத்தனையில் இருக்கிறது என்று ஒப்பிட்டுத்தான் ஓர் இனம் பெருகுகிறதா அருகுகிறதா என்று கணிக்கிறார்கள். ‘காக்காதானே’ என்று ஆளாளுக்கு விட்டுவிட்டால், காகம் குறையும் நாளில் அதைச் சொல்ல ஆதாரமே இருக்காது.

சிட்டுக்குருவி விஷயத்தில் இது நன்றாகவே தெரிந்தது. அது அழிந்துகொண்டே வருகிறது என்ற பேச்சு எங்கும் இருந்தது. இத்தகைய பட்டியல்களைக் கொண்டு 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையோ, நாடு தழுவிய அளவில் அது ஓரளவு நிலையாகவே இருக்கிறது, சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மட்டும் குறைந்து வருகிறது என்றது. ஊர்ப்புறத்து வாசகருக்கு அது ஆறுதல். நகரத்தில் இருக்கும் நமக்கு எச்சரிக்கை. 2023இல் வந்த அடுத்த அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்குக் கைகொடுத்தவை 30,000க்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள் பதிந்த சுமார் 3 கோடிக் குறிப்புகள். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று நம்மைப் போன்றவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

குளிர்காலத்தில் எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. வடக்கேயிருந்து கிளம்பிய பறவைகள் ஜனவரிக்குள் வந்து சேர்ந்து, இருப்பிடம் பிடித்து அமர்ந்துவிடுகின்றன. மத்திய ஆசியாவின் உயர்ந்த பீடபூமிகளில் குஞ்சு பொரிக்கும் பழுப்புத்தலைக் கடற்காகம் நம் கடற்கரைக்கு வந்திருக்கும். இமயமலை அடிவாரத்திலிருந்து வரும் ஆறுமணிக் குருவி கிண்டிப் புதர்களில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். நீர்ப்பறவைகளுக்கென்று 1987 முதல் ஆண்டுதோறும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான். இவற்றுக்கெல்லாம் மூத்தது அமெரிக்காவின் கிறிஸ்துமஸ் கணக்கெடுப்பு. பண்டிகை நாளில் கோஷ்டி சேர்ந்து பறவைகளைச் சுட்டுத் தள்ளும் பழக்கத்துக்கு மாற்றாக, 1900இல் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் அதைத் தொடங்கினார். முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் 27 பேர்தான்.

எண்ணிக்கையைப் படிப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். பள்ளிக்கரணையில் ஓராண்டு வாத்துகளும் நாரைகளும் குறைவாகத் தெரிந்தால் உடனே கையைப் பிசைய வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த ஆண்டில் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளெல்லாம் நிரம்பிக் கிடக்கும். பறவைகள் அங்கெல்லாம் பரவிவிடும். தண்ணீரின் ஆழமும் முக்கியம். உள்ளானுக்குக் கணுக்கால் அளவுத் தண்ணீரே போதும், சங்குவளை நாரைக்கு இன்னும் சற்று ஆழம் வேண்டும், ஊசிவால் வாத்துக்கு நீந்த இடம் வேண்டும். ஓரிடத்து ஓராண்டுக் கணக்கை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது என்பதால்தான் பல ஊர்களின், பல ஆண்டுகளின் பட்டியல்கள் தேவைப்படுகின்றன. பள்ளிக்கரணை 2007இல் காப்புக்காடானது, 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குப்பைமேடும் கட்டடங்களும் விழுங்கியது போக மிஞ்சியிருக்கும் இந்தச் சதுப்புக்காக வாதாட யார் போனாலும், அவர் கையில் இருக்க வேண்டியது இந்தக் கணக்குதான்.

தொடங்குவது எளிது. தொலைநோக்கி இல்லாவிட்டால் பரவாயில்லை. குரலைக் கேட்டுப் பெயர் சொல்ல ‘மெர்லின்’ செயலி இருக்கிறது. அது சொல்வதை அப்படியே எழுதிவிடாமல் கண்ணாலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாததை விட்டுவிடலாம், ஊகித்து எழுத வேண்டாம். படம் எடுப்பதற்காகப் பறவையை விரட்ட வேண்டாம். கனுப்பிடி வைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் கனுவன்று காலையில் மஞ்சள் இலையில் வண்ணச் சோற்றுருண்டைகளோடு மாடி ஏறத்தான் போகிறீர்கள். வைத்துவிட்டு உடனே இறங்காமல் கால் மணி நேரம் அங்கேயே இருங்கள். காகம், புறா, மைனா, தவிட்டுக்குருவி, தலைக்கு மேல் கரும்பருந்து என்று பட்டியல் தானாக வளரும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் எழுதும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

உங்கள் பட்டியலை எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். அபூர்வப் பறவை பார்த்தவர்களுக்குத்தான் இடம் என்று எண்ண வேண்டாம். ‘எங்கள் தெருவில் பத்துக் காகம், மூன்று மைனா, வேறொன்றுமில்லை’ என்று எழுதினாலும் அச்சேறும்.

அனைவருக்கும் பொங்கல் நல்வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆசிரியர்