பழைய டிவிடிகளைத் தூக்கிப் போடாதீர்கள்



போன வாரம் வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி இறங்கியது. என் அக்கா மகன் அமெரிக்காவில் படிப்பை முடித்துத் திரும்பும்போது கொண்டுவந்த டிவிடிகள். பழைய பேப்பர்காரர் வாசலில் நின்றார். "இதெல்லாம் இப்ப யாருக்கு வேணும் சித்தி? எல்லாந்தான் ஓடிடில இருக்கே" என்று அவனே போனில் சொல்லிவிட்டான். நானும் கொடுத்திருப்பேன். ஆனால் பெட்டிக்குள் 'தி சிம்ப்ஸன்ஸ்' மூன்றாவது சீசன் இருந்தது. அதனால் கொடுக்கவில்லை. அதன் காரணத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். என் வரலாற்று வகுப்பில் முக்கால் மணி நேரம் பொறுத்தவர்கள் நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

தெரியாதவர்களுக்காக: இது கார்ட்டூன், ஆனால் குழந்தைகளுக்கானது மட்டுமல்ல. 1989 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி இன்னும் ஓடுகிறது. ஸ்ப்ரிங்ஃபீல்டு என்ற ஊர். அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் சோம்பேறி அப்பா ஹோமர், பொறுமைசாலி அம்மா மார்ஜ், வால் பையன் பார்ட், புத்திசாலிப் பெண் லிசா, கைக்குழந்தை மேகி. இவர்களை வைத்துக்கொண்டு அரசியல்வாதி, முதலாளி, போலீஸ், தொலைக்காட்சி, ஏன், எங்கள் ஆசிரியர் இனத்தையும் சேர்த்தே கிண்டல் செய்வார்கள். கோபம் வராது, சிரிப்புதான் வரும்.

மூன்றாவது சீசனின் முதல் எபிசோட் 1991 செப்டம்பரில் ஒளிபரப்பானது. வெள்ளைச் சட்டைகள் எல்லாம் துவைக்கும்போது சாயம் ஏறிவிட, ஹோமர் இளஞ்சிவப்புச் சட்டையோடு வேலைக்குப் போகிறார். எல்லோரையும்போல் இல்லாதவன் என்பதால் மனநலக் காப்பகத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அங்கே தன்னை மைக்கேல் ஜாக்சன் என்றே நம்பும் ஒரு பெரிய உருவத்து ஆளைச் சந்திக்கிறார். அந்த ஆள் வீட்டுக்கு வந்து, லிசாவின் எட்டாவது பிறந்தநாளுக்குப் பாட்டு எழுத பார்ட்டுக்கு உதவுகிறார். கடைசியில்தான் தெரிகிறது, அவர் ஒரு கொத்தனார். வாழ்க்கை முழுக்கக் கோபக்காரராகவே இருந்தவர், அந்த மென்மையான குரலில் பேசிப் பார்த்த அன்று சுற்றியிருந்தவர்கள் சிரித்த முகத்தோடு பார்த்தார்களாம். அதனால் அந்தக் குரலிலேயே தங்கிவிட்டார். அந்தப் பாத்திரத்துக்குப் பேச்சுக் குரல் கொடுத்தது நிஜ மைக்கேல் ஜாக்சன்தான், வேறு பெயரில்.

இந்த எபிசோட் இன்று ஓடிடியில் இல்லை.

2019 மார்ச்சில், மைக்கேல் ஜாக்சன் தங்களைச் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார் என்று இருவர் பேசிய 'லீவிங் நெவர்லேண்ட்' ஆவணப்படம் வெளிவந்தது. அதைப் பார்த்த பிறகு தொடரின் தயாரிப்பாளர்களே இந்த எபிசோடை எடுத்துவிட முடிவு செய்தார்கள். இனி தொலைக்காட்சியில் வராது, ஓடிடியில் வராது, புதிதாக அச்சாகும் டிவிடியிலும் வராது. அந்த ஆண்டு நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோதே அது இல்லை. 2003-ல் வெளியான பழைய டிவிடியில் மட்டும் இருக்கிறது. என் அட்டைப்பெட்டியில் இருப்பது அதுதான்.

இதில் என் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2005-ல் நீதிமன்றம் மைக்கேல் ஜாக்சனை வேறொரு வழக்கில் விடுவித்தது. 2009-ல் அவர் இறந்துவிட்டார். ஆனாலும் குழந்தைகள் விஷயத்தில் குற்றம் சொல்பவர்களின் வார்த்தையை அலட்சியம் செய்யும் ஆசிரியை நான் அல்ல. எத்தனை பிள்ளைகள் பல வருடம் கழித்துத்தான் வாயைத் திறப்பார்கள் என்று வகுப்பறையில் நின்ற யாருக்கும் தெரியும். அந்த எபிசோட் சிறுவர்களை வசப்படுத்தப் பயன்பட்டிருக்கலாம் என்று தனக்குத் தோன்றுவதாகவும், உறுதியாகத் தெரியாது என்றும் தயாரிப்பாளர் அல் ஜீன் பிறகு சொன்னார். அந்த மனிதரின் மன உளைச்சல் எனக்குப் புரிகிறது. இனி இதை ஒளிபரப்ப மாட்டோம் என்று அவர்கள் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பேன்.

ஆனால் இன்னொரு தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். புரூக்ஸ் சொன்னதில்தான் எனக்கு உடன்பாடில்லை. புத்தகத்தை எரிப்பதற்குத் தான் எதிரிதான், ஆனால் இது எங்கள் புத்தகம், ஒரு அத்தியாயத்தை எடுத்துவிட எங்களுக்கு உரிமை உண்டு என்றார். எடுக்கலாம், அடுத்த பதிப்பில். ஏற்கெனவே விற்ற புத்தகத்தில் எடுக்க முடியுமா? வாசகர் வீட்டு அலமாரிக்குள் கை நீட்ட முடியுமா? பழைய டிவிடியில் அது முடியாது. ஓடிடியில் முடிகிறது. நாம் காசு கட்டுவது புத்தகத்துக்கு அல்ல, நூலகத்துக்குள் நுழையும் சீட்டுக்கு. இரவோடு இரவாக அலமாரியில் எது காணாமல் போனாலும் நமக்குத் தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், இதே தொடர் இன்னொரு விஷயத்தில் வேறு வழியில் போனது. அப்பு என்ற இந்தியக் கடைக்காரர் பாத்திரம் உங்களில் பலருக்குத் தெரியும். அதற்குக் குரல் கொடுத்தவர் ஹேங்க் அசாரியா என்ற வெள்ளைக்காரர். அந்தக் குரலை வைத்துப் பள்ளிகளில் இந்தியப் பிள்ளைகளைக் கேலி செய்தார்கள் என்று ஹரி கொண்டபோலு 2017-ல் ஒரு ஆவணப்படமே எடுத்தார். 2020-ல் அசாரியா அந்தக் குரலை விட்டுவிட்டார். ஆனால் பழைய அப்பு எபிசோடுகள் அப்படியே இருக்கின்றன. அதனால்தான் அமெரிக்காவில் வளரும் நம் வீட்டுப் பிள்ளை ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, "இது ஏன் தப்பு?" என்று கேட்க முடிகிறது. தப்பை அழித்துவிட்டால் கேள்வியும் சேர்ந்து அழிந்துவிடும். தப்பான விடையை அடிக்கோடிட்டுத் திருத்துவேனே தவிர, நான் என்றைக்காவது விடைத்தாளைக் கிழித்திருக்கிறேனா?

"ஒரு எபிசோட்தானே டீச்சர், போகட்டுமே" என்பீர்கள். ஹாங்காங்கைப் பாருங்கள். 2005-ல் வந்த ஒரு எபிசோடில் சிம்ப்ஸன் குடும்பம் சீனா போகிறது. தியானன்மென் சதுக்கத்தில், 1989-ல் இங்கே எதுவுமே நடக்கவில்லை என்று ஒரு பலகை வைத்திருப்பதாகக் கிண்டல் செய்திருப்பார்கள். 2021 நவம்பரில் ஹாங்காங்கில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது அந்த எபிசோட் மட்டும் இல்லை. மறைப்பதைக் கிண்டல் செய்த காட்சியையே மறைத்துவிட்டார்கள். நல்ல மனத்தோடு ஒருவர் திறந்த கதவு வழியாக, வேறு எண்ணம் உள்ளவர்களும் நுழைய முடியும். இரண்டு இடத்திலும் பார்ப்பவருக்குக் கிடைப்பது ஒன்றுதான், பட்டியலில் ஒரு இடைவெளி.

புத்தகத்திலும் இது நடந்தது. 2009 ஜூலையில், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை அமேசான் தொலைவிலிருந்தே அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்ப வந்தது, மன்னிப்பும் கேட்டார்கள். பழைய ஆவணங்களை அழிப்பதே தொழிலாக உள்ளவனைப் பற்றிய கதை அது!

உ.வே.சா. ஊர் ஊராக அலைந்தது எதற்கு என்று வகுப்பில் நான் கேட்டது நினைவிருக்கிறதா? ஒரே நூலுக்குப் பல வீடுகளில் ஏடுகள் இருந்தன. ஒன்றில் சிதைந்த வரி இன்னொன்றில் இருந்தது. ஒரே இடத்தில், ஒருவர் கையில் மட்டும் இருந்திருந்தால் நமக்குக் கிடைத்தது எவ்வளவோ?

டிவிடியிலும் குறை இல்லாமல் இல்லை. இந்தப் பெட்டி அமெரிக்காவுக்கான முதல் மண்டலத்தது. நம் நாடு ஐந்தாம் மண்டலம். என் பிளேயர் போட்ட உடனே துப்பிவிட்டது. கணினியில் மண்டலத்தை மாற்றலாம், அதுவும் ஐந்து தடவைதான். தட்டு கீறும், பிளேயர் கிடைக்காமல் போகும். தபாலில் டிவிடி அனுப்பித் தொழில் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸே 2023 செப்டம்பரோடு அதை நிறுத்திவிட்டது. எல்லாம் தெரியும். ஆனாலும் தட்டு கெட்டுப்போனால் அது கெட்டுப்போனது என்று எனக்குத் தெரியும். யாரோ எடுத்துவிட்டால் தெரியாது.

மூன்றாவது சீசனின் இரண்டாவது எபிசோடில் லிசா கட்டுரைப் போட்டிக்காக வாஷிங்டன் போகிறாள். ஒரு மக்கள் பிரதிநிதி லஞ்சம் வாங்குவதைக் கண்ணால் பார்த்ததும், தான் எழுதிய தேசபக்திக் கட்டுரையைத் தானே கிழித்துவிட்டு, பார்த்த உண்மையைப் புதிதாக எழுதிப் படிக்கிறாள். பரிசு கிடைக்காது. நான் நடுவராக இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். அவள் கிழித்தது தன் கையிலிருந்த தாளை, அடுத்தவர் கையில் இருந்ததை அல்ல.

எனவே ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய டிவிடி, கேசட், பத்திரிகைக் கட்டு இருந்தால் தூக்கிப் போடும் முன் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். அதில் இருப்பது வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ஒரு பழைய துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். என்ன கிடைத்தது என்று கீழே எழுதுங்கள், நான் ஒவ்வொன்றையும் படிப்பேன். மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். இப்போது முட்டி போடச் சொல்ல முடியாது, பயம் வேண்டாம்.

அக்கா மகனுக்கு மட்டும் தனியாக: தம்பி, உன் பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது அந்த மண்டல விஷயத்தைச் சரி செய்துவிட்டுப் போ.