எத்தனை அங்குலம்?

மொழியையும் இலக்கியத்தையும் வளர்க்கத் தோன்றிய மன்றத்தின் இதழில் மடிக்கணினித் திரையின் அங்குலக் கணக்கு எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். தில்லிக்குப் படிக்க வரும் நம் மாணவர் ஒருவர் ஒரே நாளில் செலவிடும் பெருந்தொகை இந்தக் கருவிக்குத்தான். ஊரில் நகையை அடகு வைத்தோ, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்றோ தந்தையார் அனுப்பிய ஐம்பதாயிரமும் அறுபதாயிரமும் அரைமணி நேரத்தில் கைமாறிவிடுகின்றன. வாங்கியதை ஐந்தாண்டுகளேனும் வைத்துக் காப்பாற்றியாக வேண்டும். பிராசசர் எது, ரேம் எவ்வளவு என்று பத்துப் பேரிடம் கேட்டுத் தெளிகிறவர்கள், திரையின் அளவை மட்டும் கடைக்காரரின் விருப்பத்திற்கு விட்டுவிடுகிறார்கள். அவரோ, "அதே விலைக்குப் பெரிய திரை" என்று 15.6 அங்குலத்தை எடுத்து முன்னே வைக்கிறார். பெரியது கிடைக்கும்போது சிறியதை யார் கேட்பார்?

கேட்க வேண்டும் என்கிறேன் நான். ரேம் போதவில்லையெனில் பல கருவிகளில் பின்னாளில் கூட்டிக்கொள்ளலாம். வாங்கிய திரையை நீட்டவும் முடியாது, குறுக்கவும் முடியாது. நாள்தோறும் கருவியைத் தூக்கிக்கொண்டு அலைகிற மாணவருக்கு 14 அங்குலமே ஏற்றது என்பது என் துணிபு.

முதலில் அந்த அங்குலம் எதை அளக்கிறது என்பதைப் பார்ப்போம். அது அகலமும் அன்று, உயரமும் அன்று. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இழுத்த கோடு, பள்ளியில் படித்த மூலைவிட்டம். அகலமும் உயரமும் எந்த விகிதத்தில் உள்ளன என்று தெரியாமல் மூலைவிட்டத்தை மட்டும் தெரிந்துகொண்டு பயனில்லை. 15.6 அங்குலத் திரைகள் பெரும்பாலும் 16-க்கு 9 என்ற விகிதத்தில் அமைந்தவை. பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பார்த்தால் அகலம் 34.5 செ.மீ., உயரம் 19.4 செ.மீ. வரும். 14 அங்குலத்தில் இப்போது 16-க்கு 10 என்ற விகிதமும் எளிதாகக் கிடைக்கிறது. அதன் அகலம் 30.2 செ.மீ., உயரம் 18.8 செ.மீ. அகலத்தில் நாலு சென்டிமீட்டருக்கு மேல் குறைகிறது, உண்மை. உயரத்தில் குறைவது எவ்வளவு? அரை சென்டிமீட்டருக்குச் சற்றே மேல்! ஆய்வுக் கட்டுரை படிப்பதும், குறிப்பு எழுதுவதும், நிரல் எழுதுவதும் மேலிருந்து கீழே போகிற வேலைகள் அல்லவா? அவற்றுக்கு வேண்டியது உயரம். அகலம் மிகுந்தால் திரைப்படம் பார்க்க நன்றாயிருக்கும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் 14 அங்குலத்திலேயே 16-க்கு 9 விகிதமும் உண்டு. அதன் உயரம் 17.4 செ.மீ.தான். ஆகவே 14 என்ற எண்ணைக் கேட்டதும் மயங்கிவிடாமல் விகிதத்தையும் கேட்க வேண்டும். பெட்டியில் 1920 பெருக்கல் 1200 என்று இருந்தால் 16-க்கு 10. 1920 பெருக்கல் 1080 என்றால் 16-க்கு 9.

சிறிது என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சிறிதாக இருக்கலாமா? இதற்கு விடை சொல்ல ஒரு பழைய கதை உண்டு. ஆடம் ஆஸ்பர்ன் என்பவர் திருவண்ணாமலையில் இளமையைக் கழித்தவர்; இரமண மகரிஷியின் வரலாற்றை எழுதிய ஆர்தர் ஆஸ்பர்னின் மகன்; பின்னாளில் கொடைக்கானலில் வாழ்ந்து 2003-ஆம் ஆண்டில் மறைந்தவர். அவர் 1981-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'ஆஸ்பர்ன் 1' என்ற கணினியைக் கொண்டுவந்தார். கையில் தூக்கிச் செல்லத்தக்கது என்று விற்பனையில் வெற்றி கண்ட முதல் கணினி அது. நிறை ஏறத்தாழ 11 கிலோ. திரை 5 அங்குலம். ஒரு வரியில் 52 எழுத்துகளே ஒரே சமயத்தில் தெரியும். வரியின் மறுபாதியைக் காணத் திரையில் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். அடுத்த ஆண்டே கேப்ரோ என்ற போட்டிக் கணினி 9 அங்குலத் திரையில் 80 எழுத்து முழு வரியைக் காட்டியது. ஆஸ்பர்ன் நிறுவனம் 1983-இல் நொடித்துப் போனதற்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் ஒரு வரி முழுதாகத் தெரியாத திரை எத்தனை எளிதாகத் தூக்கக்கூடியதாயினும் நாளெல்லாம் வேலை செய்ய உதவாது. 13.3 அங்குலத்தில் 16-க்கு 9 விகிதம் எனில் உயரம் 16.6 செ.மீ.; இரண்டு பக்கங்களை அருகருகே வைத்துப் படிக்கும்போது எனக்கு நெருக்கமாகவே இருக்கிறது. கண் கூர்மையுள்ளவர்கள் வேறுவிதமாகச் சொல்லலாம்.

இனி நிறை. 14 அங்குலக் கருவிகள் பெரும்பாலும் 1.3 அல்லது 1.4 கிலோ, 15.6 என்றால் 1.7 கிலோ அளவில் நிற்கும். விளையாட்டுக்கென்று செய்தவை இரண்டு கிலோவையும் தாண்டும். அவற்றின் சார்ஜர் மட்டுமே அரைக் கிலோ இருக்கும். அரைக் கிலோ ஒரு சுமையா என்று கடையில் நிற்கும்போது தோன்றும். எங்கள் விடுதியில் கோவில்பட்டி நண்பர் ஒருவருக்கு அப்படிப்பட்ட கருவி ஒன்று உண்டு. முதல் மாதம் வகுப்புக்கும் நூலகத்துக்கும் சுமந்தார். இரண்டாம் மாதம் முதல் அது அறையிலேயே குடியிருக்கிறது. நூலகத்தில் கைப்பேசியால் பக்கங்களைப் படமெடுத்து வந்து இரவில் அறையில் உட்கார்ந்து குறிப்பெழுதுகிறார். மே மாதத்துத் தில்லியில் விடுதியறை எப்படியிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. குளிர்பதன வசதியுள்ள நூலகம் நடந்து போகும் தொலைவில் இருக்க, கடன் வாங்கிப் பெற்ற கருவி அவரை அந்த அனலிலேயே கட்டிப்போட்டிருக்கிறது.

ஊருக்குப் போகும் வழியையும் எண்ணிப் பாருங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். இரண்டு இரவும் ஒரு பகலும். பக்கவாட்டு மேல்படுக்கையில் முதுகு வளைத்து உட்கார்ந்தவருக்குப் பெரிய திரையை முழுக்க விரிக்கவும் இடமில்லை.

பெரிய திரையின் பக்கம் நிற்பவர்கள் கண்ணைக் காட்டிப் பேசுவார்கள். அது நியாயமான கவலைதான். இரவெல்லாம் வரைபடங்களோடு போராடுகிறவருக்குப் பெரிய திரை வேண்டும். ஆனால் 15.6 அங்குலமா பெரிய திரை? பத்தாயிரம் ரூபாய்க்குள் 24 அங்குல மானிட்டர் ஒன்றை வாங்கி அறை மேசையில் வைத்து, 14 அங்குலக் கருவியோடு ஒரு கேபிளால் இணைத்துக்கொள்ளலாம். அறையில் இருப்பது பெரிதாகவும், தோளில் தொங்குவது சிறிதாகவும் இருக்கட்டுமே. மற்றொன்று: 15.6 அங்குலக் கருவிகள் பலவற்றில் வலப்பக்கம் எண்விசைகள் தனியே இருக்கும். அதனால் எழுத்து விசைகள் இடப்பக்கம் ஒதுங்க, கைகள் ஓரிடத்திலும் கண் ஓரிடத்திலுமாக உட்கார நேர்கிறது. கணக்கியல் மாணவர்க்கு அவ்விசைகள் வேண்டும், மற்றவர்க்கு வீண்.

கண்ணுக்கு நல்லது எது என்றால் அங்குலத்தைவிட நுண்மையும் ஒளியும் என்பேன். 1366 பெருக்கல் 768 என்ற பழைய திரை 15.6 அங்குலத்தில் இருந்தால் அங்குலத்திற்கு 100 புள்ளிகளே வரும். ஆங்கில எழுத்து அதில் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். நம் ணகரத்தின் சுழிகளும், மெய்யெழுத்தின் தலைப்புள்ளியும் மங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 14 அங்குலத்தில் 1920 பெருக்கல் 1200 எனில் அங்குலத்திற்கு ஏறத்தாழ 162 புள்ளிகள்; தமிழ் அச்சிட்டதுபோல் தெளிவாக நிற்கும். ஒளியை 'நிட்' என்ற அலகால் குறிப்பர். 250 நிட் திரையைக் குளிர்காலத்தில் புல்வெளி வெயிலுக்கு எடுத்துச் சென்றால் நம் முகம்தான் தெரியும். 400 நிட் இருந்தால் ஒருவாறு படிக்கலாம். டிசம்பர் வெயிலில் காய்ந்துகொண்டே படிப்பது தில்லி நமக்குத் தரும் இன்பங்களுள் ஒன்று. அதை ஒரு மங்கிய திரைக்காக இழப்பானேன்?

புதிதாக வரும் தம்பி தங்கையர் இவற்றையெல்லாம் கடை விளக்கின் கீழே நின்று முடிவு செய்ய இயலாது. ஆதலின் மன்றச் செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நடக்கும் வரவேற்புக் கூட்டத்தில் ஒரு மேசையை ஒதுக்கி, 13, 14, 15.6 என மூவகைக் கருவிகளையும் வைக்கச் செய்யலாம். வருகிறவர்கள் ஒரு பக்கம் தமிழும் ஒரு பக்கம் சமன்பாடும் அவற்றில் படித்துப் பார்க்கட்டும். பிறகு சார்ஜரோடு பையிலிட்டு, தோளில் மாட்டி, மெட்ரோ நிலையம் வரை நடந்து திரும்பட்டும். 14-க்கு என் கருவியைத் தருகிறேன். 15.6-க்குக் கோவில்பட்டி நண்பர் இசைந்திருக்கிறார். அதைக் கூட்டத்திற்குத் தூக்கி வர மட்டும் யாராவது துணைக்கு வரவேண்டுமாம்.