நதியின் பெயர் மாறும்போது

கரைதோறும் மக்கள் படும் துயரைக் கண்ட பின்னும் எவ்வாறு மௌனமாக ஓடுகிறாய் எனக் கங்கையை வினவும் பாடலைக் கேளாத கல்கத்தாத் தோழர் அரியர். பூபேன் ஹஸாரிகாவும், ரூமா குஹ தாகுர்தாவின் கல்கத்தா யூத் கொயர் குழுவினரும் அதனை வங்கமெங்கும் பரப்பினர். ஆயினும் அதன் ஊற்று வங்கத்தில் இல்லை.

1927இல் அமெரிக்காவில் அரங்கேறிய 'ஷோ போட்' இசை நாடகத்தில், மிசிசிப்பிக் கரையில் சுமை தூக்கும் கறுப்பினத் தொழிலாளி ஒருவன் பாடுகிறான். அங்கே ஆறு எதையும் பொருட்படுத்தாத கிழவன். தொழிலாளியோ வாழ்ந்து சலித்தவன், சாவுக்கு அஞ்சுபவன். பால் ராப்சன் இச்சோர்வை ஏற்கவில்லை. 1930களின் இறுதியில், சாகும்வரை போராடுவேன் என்னும் பொருள்பட அவ்வரியை மாற்றிப் பாடினார். மொழி மாறுமுன்பே பாடலின் அரசியல் மாறிவிட்டது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில் ராப்சனை அறிந்த ஹஸாரிகா, அந்தப் பொறியிலிருந்து அசாமியப் பாடலை ஆக்கினார். மெட்டு புதிது, பார்வையும் புதிது. அமெரிக்கத் தொழிலாளி ஆற்றைப் பற்றிப் பேசினான். அசாமியப் பாடல் ஆற்றிடமே பேசுகிறது. படர்க்கை முன்னிலையானதும் புலம்பல் குற்றச்சாட்டாயிற்று. ஆயினும் அங்கும் ஆறு கிழவனே. பிரம்மபுத்திராவாகிய கிழட்டு லூயித். சிவதாஸ் பந்தோபாத்யாய வங்கமொழியில் எழுதியபோது கிழவன் மறைந்து கங்கை வந்தாள். கோடிக்கணக்கானோர் தாயென வணங்கும் நதியை நோக்கி அதே வினாவைத் தொடுப்பது மேலும் துணிவான செயல்.

ஹஸாரிகா 2004இல் பாஜக வேட்பாளராகக் குவாஹாட்டியில் நின்றவராயிற்றே என்று தோழர்கள் வினவலாம். அவரது முடிவை நாம் விமர்சிக்கலாம். பாடலைக் கைவிட வேண்டியதில்லை. நான்கு மொழிகளைக் கடந்து மக்கள் நாவில் நிலைத்துவிட்ட பாடல் எந்தத் தனிமனிதரின் உடைமையும் அன்று.

நாம் கற்க வேண்டியது வேறு. பிறமொழிப் போராட்டப் பாடல்களைத் தமிழாக்கும்போது அசையெண்ணி, சொல்லுக்குச் சொல் நிரப்பி, மேடையில் ஒலித்து மறையும் வரிகளை நாம் ஆக்கிவிடுகிறோம். கங்கையைத் தமிழிலும் கங்கையாகவே விட்டால் அது பூகோளப் பாடமாகவே எஞ்சும். 1999 ஜூலை 23 அன்று நெல்லையில், மாஞ்சோலைத் தொழிலாளருக்காக நடந்த பேரணி மீது காவல்துறை தடியடி நடத்தியது; ஆற்றில் 17 உயிர்கள் பறிபோயின. அவ்வினாவைத் தமிழில் எழுப்ப நமக்கு வேற்று நதி வேண்டா. தாமிரபரணி இருக்கிறது.