பார்த்தனும் அவதானியும்

"கவனம் இல்லை" என்பது வீட்டிலும் பள்ளியிலும் பிள்ளைகள்மீது மிக எளிதாகச் சுமத்தப்படும் குற்றச்சாட்டு. கரப்பந்தாட்டத்தில் பந்து தவறி எல்லைக்கு வெளியே சென்றால், சுற்றி நிற்போர் அக்கணமே இத்தீர்ப்பை வழங்கிவிடுவர். கவனம் என்பது உண்டு அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் அளந்துவிடக்கூடிய பொருள்தானா? இவ்வாரம் இதனைச் சிறிது ஆராய்வோம்.

வடமோடிக் கூத்துகளின் வாயிலாகப் பாரதக் கதையை நன்கு அறிந்தவர்கள் மட்டக்களப்பு மக்கள். துரோணர் வைத்த சோதனையில் மரத்தையும் கிளையையும் காணாது, பறவையை மட்டுமே கண்டான் பார்த்தன். அது ஒருவகைக் கவனம். பலர் தொடுக்கும் வினாக்களை ஒரேவேளையில் மனத்திலிருத்தி விடை பகர்வோர் அவதானிகள். அது மற்றொரு வகை. புலோலி தந்த நா. கதிரைவேற்பிள்ளை 'சதாவதானி' எனப் போற்றப்பட்டது இவ்வாற்றலால் அன்றோ!

1976இல் அமெரிக்க உளவியலறிஞர் றொபேட் நைடபர், விளையாட்டு வீரரின் கவனத்தை அகன்றது, குறுகியது என்றும், புறம்நோக்குவது, அகம்நோக்குவது என்றும் பிரித்து, நான்கு வகையாக்கினார். 1916இல் இலங்கைக்கு வந்து, 1991இல் நம் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்ட கரப்பந்தாட்டத்தில் இந்நான்கிற்கும் இடமுண்டு. பந்தைப் பணிக்கும் மாணவனைப் பாருங்கள். நடுவரின் ஊதல் ஒலித்தபின் அவனுக்குள்ளது எட்டு விநாடி. அதற்குள் எதிரணியில் வெற்றிடம் எங்கே எனப் பார்க்க வேண்டும். எங்கு அடிப்பதென எண்ண வேண்டும். படபடப்பைத் தணிக்க வேண்டும். ஈற்றில் பந்தொன்றிலேயே கண்ணை நிறுத்த வேண்டும். வாவியில் வலை வீசுவோரும் காற்றையும் நீரோட்டத்தையும் நோக்கிய பின்னரே ஓரிடத்தைக் குறிவைக்கின்றனர்.

எதிரணி பணிக்கும் பந்தை ஏற்பவனுக்குப் பார்த்தனின் கண் வேண்டும். கனடாவின் யோன் விக்கேர்ஸ் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வுகள், திறமையாகப் பந்தை ஏற்போர் அதனை விரைவிலேயே கண்ணாற் பற்றி, நெடுநேரம் விடாது தொடர்வதைக் காட்டின. வலையருகே நின்று பந்தை உயர்த்திக் கொடுப்பவனுக்கோ அவதானியின் மனம் வேண்டும். தன் அணியினர் எங்கே, எதிரணியின் தடுப்பு எங்கே என்பவற்றை அவன் ஒருங்கே உணர வேண்டும். ஒன்றில் வல்லவனை மற்றதில் நிறுத்திவிட்டு, "கவனமற்றவன்" என அணியிலிருந்து நீக்குவது நீதியாகுமா?

இனி, நாம் கூறும் சொல்லையும் எண்ணிப் பார்ப்போம். 2002இல் கபிறியேல் வுல்ப் அம்மையாரும் பிறரும் கரப்பந்துப் பணிப்பையே கொண்டு ஒரு சோதனை நடத்தினர். ஒரு சாராருக்கு மணிக்கட்டையும் கால்களையும் பற்றிய திருத்தங்கள் கூறப்பட்டன. மறுசாராருக்கு, குதிரையோட்டி சவுக்கை வீசுவதுபோல் அடிக்குமாறும், இலக்கை நோக்கிச் சாயுமாறும் கூறப்பட்டது. புதியவராயினும் பழகியவராயினும், தம் உறுப்பை எண்ணாது அசைவின் பயனை எண்ணியோரே இலக்கைச் செம்மையாக அடித்தனர். உறுப்பை எண்ணி எண்ணி இயக்கும்போது, இயல்பாய் நிகழவேண்டிய அசைவு தடைப்படுகிறது என்பது அவர்கள் கருத்து.

ஆதலின் பெற்றோர்களே, மைதானத்தின் ஓரத்தில் நின்று "கையைப் பார், காலைப் பார்" என்று கூவாதீர்கள். ஏற்கெனவே அஞ்சி நிற்கும் பிள்ளை அவ்வொலியால் மேலும் தன்னையே எண்ணித் தடுமாறும். "பின்மூலை வெறுமையாய் இருக்கிறது, அங்கே அனுப்பு" என்று பயிற்சி வேளையிலேயே பழக்குங்கள்.

மாணவர்களே, கவனம் பயிற்சியால் வளர்வது. ஒரு தவறு நேர்ந்ததும் "எனக்குக் கவனமே இல்லை" என்று சோர்ந்துவிடாதீர்கள். "அப்போது என் கண் எங்கே நின்றது? எங்கே நின்றிருக்க வேண்டும்?" என்று வினவுங்கள். கணக்கிலும் இலக்கணத்திலும் பிழை நேரும்போதும் இவ்வினா உங்களுக்கு உதவும். "கவனி" என்று பிறர் சொன்னால், எதைக் கவனிப்பது என்று பணிவோடு கேளுங்கள். அக்கேள்விக்கு விடை கூறுவது ஆசிரியராகிய எங்கள் கடமை.