சூரியனைக் கொண்டு பயமுறுத்தும் ஊழியம்



சூரியப் பிழம்பு வெடித்துவிட்டது, இனி பூமி அதிரும் என்று எச்சரிக்கும் ஒலிப்பதிவு ஒன்று உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். அதைக் கேட்ட நம் சபைத் தாயார் ஒருவர் ஒரு வாரமாகத் திண்ணையிலேயே படுக்கிறார். பேசியவரோ, லூக்கா 21ஐ ஆதாரம் காட்டும் ஊழியக்காரர்!

சூரியனில் அடையாளங்கள் தோன்றும் என்று ஆண்டவர் உரைத்தது மெய்யே. சூரியன் பூமியைப் பிளக்கும் என்று எங்கே உரைத்தார்? 2024 மே 10 அன்று, இருபது ஆண்டுகளில் காணாத காந்தப்புயல் பூமியைத் தாக்கிற்று. லடாக்கின் ஹன்லேயிலும் வானம் சிவந்தது. பெரும் பூகம்பம் எதுவும் அதைத் தொடரவில்லை. ரிக்டர் 5ஐத் தாண்டும் அதிர்வுகளோ ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேல் நேரிடுகின்றன. எந்த நாளில் பிழம்பு வெடித்தாலும், அதனருகே காட்ட ஓர் அதிர்வு அகப்படும். அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தார் நூறாண்டுக்கும் மேற்பட்ட பதிவுகளை ஒப்பிட்டு, 2013இல் வெளியிட்ட ஆய்விலும் உறுதியான தொடர்பைக் காணவில்லை.

லூக்கா 21ஐ முழங்குகிறவர்கள் 13ஆம் அதிகாரத்தை ஏன் தாண்டிப்போகிறார்கள்? சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டதை வைத்து, மாண்டவர்களையே பாவிகளாய் எண்ணியோரை அங்கே ஆண்டவர் மனந்திரும்பச் சொன்னார். 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியிலும் சிரியாவிலும் ஐம்பதாயிரத்துக்கும் மேலானோர் மடிந்தனர். துருக்கியில் இடிந்தவற்றுள் விதிமீறிக் கட்டிய வீடுகள் பல. பழியைச் சூரியன்மேல் சுமத்தினால், அவற்றைக் கட்டி விற்றவன் நீதிமானாகிவிடுவான்.

அந்த ஒலிப்பதிவை ஒருவருக்கும் அனுப்பாதேயுங்கள். இன்று மாலை அந்தத் தாயாரின் வீட்டுக்குச் செல்கிறேன். இரண்டொருவர் என்னோடு வாருங்கள்.